டெக்சாஸில் போர்வெல் உள்ள வீடு வாங்கும் முன்

ஆஸ்டினுக்கு மேற்கே, டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ், விம்பர்லி, ஜான்சன் சிட்டி பக்கம் கொஞ்சம் நிலத்தோடு வீடு தேடும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, போர் (ஆழ்துளைக் கிணறு) தான். ஸ்கூல் எப்படி என்று துருவித் துருவி விசாரிக்கிற நாம், அந்தப் போர் எந்த நிலத்தடி நீர் டிஸ்ட்ரிக்டுக்குள் வருகிறது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முதல் சொத்து வரி பில் வந்தபோது பள்ளி, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரிகளுக்குக் கீழே சின்னதாக அந்த டிஸ்ட்ரிக்டின் பெயர் இருந்தது. இது எதற்கு என்று அன்றுதான் தேடிப் படித்தேன்.

இங்கே டிஸ்ட்ரிக்ட் என்றால் நம் ஊர் மாவட்டம் இல்லை. ஒரே ஒரு வேலைக்காக அமைக்கும் சிறிய உள்ளாட்சி. 1904இல் வந்த ஒரு தீர்ப்பின்படி, டெக்சாஸில் தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம், பக்கத்து வீட்டுக் கிணறு வற்றினாலும் பொதுவாகக் கேள்வி கிடையாது. அதற்குக் கடிவாளம் போடத்தான் இந்த டிஸ்ட்ரிக்டுகள். முதலாவது 1951இல் லபக் பகுதியில் வந்தது.

புதிதாக ஒன்றை அமைக்கும்போது, பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றம் மசோதா போடும், பிறகு உள்ளூர் மக்கள் வாக்களிப்பார்கள். செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது: தேர்தல், வக்கீல், அலுவலகம், மேலாளர். பிறகு நீர்மட்டம் அளக்கும் கிணறுகள், நிலத்தடி நீர் நிபுணர், 3 வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய மேலாண்மைத் திட்டம். வழக்கு வந்தால் தனிச் செலவு. நிலத்தடி நீர் நில உரிமையாளரின் சொத்து என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இழப்பீடு கேட்டு வழக்கு வருமோ என்ற பயம் எல்லா டிஸ்ட்ரிக்டுக்கும் உண்டு.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று சொத்து வரி. பொதுச் சட்டத்தின் உச்சவரம்பு 100 டாலர் மதிப்புக்கு 50 சென்ட். ஆனால் பல டிஸ்ட்ரிக்டுகளின் தனிச் சட்டம் அதை மிகவும் குறைத்து வைத்திருக்கிறது. 1 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 4,00,000 டாலர் வீட்டுக்கு வருடத்துக்கு 40 டாலர். இன்னொன்று இறைக்கும் தண்ணீருக்கான கட்டணம்: பொதுச் சட்டப்படி ஒரு ஏக்கர்-அடிக்கு விவசாயத்துக்கு 1 டாலர், மற்றவற்றுக்கு 10 டாலர் வரை. ஒரு ஏக்கர்-அடி சுமார் 3,26,000 கேலன். கணக்குப் போட்டால் 1,000 கேலனுக்கு 3 சென்ட்தான்.

ஹேஸ் கவுண்டியில் உள்ள ஹேஸ் டிரினிட்டி டிஸ்ட்ரிக்டுக்குச் சொத்து வரி போடும் அதிகாரமே தரப்படவில்லை. புதுத் தண்ணீர் இணைப்பு, புதுப் போர் ஆகியவற்றின் கட்டணத்தை நம்பியே பல வருடம் ஓட்டியது. தண்ணீரைக் காக்க வேண்டியவர்களின் சம்பளம், புதுசு புதுசாகப் போர் போட்டால்தான் வரும் என்ற நிலை. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதே டிஸ்ட்ரிக்டில், விம்பர்லியில் உள்ள ஜேக்கப்ஸ் வெல் ஊற்று 2000இல் முதல்முறையாக ஓட்டம் நின்றது. 2022இல் தண்ணீர் குறைந்து குளிக்கத் தடை வந்தது. வருடத்துக்கு 40 டாலர் போகிறதே என்று முணுமுணுப்பவர்களுக்கு நான் சொல்வது: போர் வற்றி இன்னும் ஆழமாகத் துளைக்கச் சொன்னால் ஆயிரக்கணக்கில் போகும்.

10 ஏக்கருக்கு மேல் உள்ள நிலத்தில், வீட்டு உபயோகத்துக்கு மட்டும், நாளுக்கு 25,000 கேலனுக்கு மேல் இறைக்க முடியாத போருக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அதைவிடச் சின்ன மனை என்றால் டிஸ்ட்ரிக்ட் விதியைக் கேட்டே கையெழுத்துப் போடுங்கள். போர் போட்டவர் எழுதிய அறிக்கையை விற்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆழம், நீர்மட்டம் எல்லாம் அதில் இருக்கும்.

எச்1பி விசா, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் டிஸ்ட்ரிக்டின் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு யாரும் போகலாம், பேசவும் நேரம் கேட்கலாம். பட்ஜெட் பேசும் மாதத்தில் போங்கள். உங்கள் போரின் நீர்மட்டக் குறிப்பையும் வரி பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள்.