பட்டில்பீல்ட் 6: காசு குடுக்க முதல் எப்பிடி செக் பண்ணுறது

பட்டில்பீல்ட் 6 எண்ட துவக்குச் சண்டைக் கேம வாங்கலாமோ எண்டு கேக்கிற பெடியளுக்கு என்ர பதில் இதுதான், கூடவே விளையாட மூண்டு பேர் இருக்கினமெண்டா வாங்குங்கோ, தனியா விளையாடுற ஆளெண்டா கொஞ்சம் பொறுங்கோ. 2025 ஒக்டோபர் 10 வந்த கேம், அமெரிக்க விலை 69.99 டொலர், எங்கட இலங்கைக் காசில 20,000 ரூபாய்க்கு மேல போகும், ட்ரெயிலரப் பாத்திட்டு குடுக்கிற காசில்ல இது. நல்லகாலம், ஒரு சதமும் குடுக்காம முக்கால்வாசிய செக் பண்ண வழி இருக்கு.

முதல் பீசியப் பாருங்கோ. குறைஞ்சது ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜீபி ராம், ஐ5 8400 மட்டத்தில ஒரு ப்ரொசெசர் வேணும், ஆனா கனபேர் மாட்டுப்படுறது இதில இல்ல, செக்யூர் பூட்டில (பீசி எழும்பேக்க நம்பகமான சொஃப்ட்வெயர மட்டும் ஓட விடுற பாதுகாப்பு). ஜாவலின் எண்ட அன்ரி-சீட் (கள்ள விளையாட்டப் புடிக்கிற சொஃப்ட்வெயர்), செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் ஒன்ல இல்லாட்டி கேமத் திறக்கவே விடாது. விண்டோஸ் சேர்ச்சில சிஸ்டம் இன்ஃபர்மேஷன் எண்டு அடிச்சுத் திறவுங்கோ, அதில பயாஸ் மோட் எண்ட இடத்தில லெகசி எண்டு இருந்தா (செகண்ட்ஹாண்ட்ல எடுத்த பழைய பீசியள்ள இப்பிடி இருக்கும்) உடன பயாஸுக்க (விண்டோஸ் எழும்ப முதல் வாற செட்டிங்ஸ்) போய் ஒண்டையும் மாத்திப்போடாதேங்கோ, விண்டோஸ் பேந்து எழும்பாது. டிஸ்க் எம்பிஆர் எண்ட பழைய பிரிப்பு முறையில இருக்கும், அத முதல் ஜிபிடி எண்ட புது முறைக்கு மாத்தோணும், விண்டோஸுக்குள்ளயே அதுக்கு எம்பிஆர்2ஜிபிடி எண்ட டூல் இருக்கு, உள்ள இருக்கிறத அழிக்காமத்தான் மாத்தும், எண்டாலும் போட்டோ, படிக்கிற பைல் எல்லாத்தையும் வேற டிரைவில கொப்பி பண்ணிப்போட்டுத் தொடுங்கோ. அது முடிஞ்சாப் பிறகுதான் பயாஸில சிஎஸ்எம் எண்ட பழைய பூட் முறைய ஓஃப் பண்ணி செக்யூர் பூட்ட ஒன் பண்ணுறது. கைபழக்கம் இல்லையெண்டா டவுனில ஒரு கொம்பியூட்டர் கடையில குடுங்கோ, தெரிஞ்ச ஆளுக்கு இது சின்ன வேலை. லினக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு இந்தக் கேம் இல்லவே இல்ல, எனக்கு இது சரியான கவலை.

பிறகு ரெட்செக்க இறக்குங்கோ. 2025 ஒக்டோபர் 28 வந்த இதின்ர பட்டில் ரோயல் (கடைசியா மிஞ்சிற அணி வெல்லுற மோட்), முழுக்க ப்ரீ, அதே எஞ்சின், அதே துவக்குகள், அதே அன்ரி-சீட். நைட் டேட்டா இருக்கிற பாக்கேஜ் எண்டா படுக்க முதல் டவுன்லோட போட்டுவிடுங்கோ. விளையாடிப் பாக்கிறது மட்டும் நீங்கள் வழமையா விளையாடுற நேரத்திலயே இருக்கோணும், பின்னேரம் ஏழுக்குப் பிறகு முழு ஊரும் நெட்டில நிக்கேக்க பாத்தாத்தான் உண்மை தெரியும். மப்ப விரிச்சா எங்களுக்கு இந்தியா கிட்டத்தான், ஆனா எங்கட டேட்டா தெற்கால கொழும்பு, மாத்தறை எண்டு போய்த்தான் கடல் கேபிளில ஏறுது, அதால தூரத்த வச்சு பிங்கக் (டேட்டா சேர்வருக்குப் போய்த் திரும்பி வாற நேரம், மில்லிசெக்கன் கணக்கில) கணிக்க ஏலாது. 90 எண்டு அசையாம நிக்கிற பிங் 50க்கும் 200க்கும் துள்ளுற பிங்க விட எவ்வளவோ நல்லம். துள்ளுதெண்டா வைஃபைய விட்டிட்டு ரூட்டரில இருந்து அறைக்கு ஒரு லான் கேபிள் இழுங்கோ, எங்கட வீட்டுச் சுவருகளுக்கு அதுதான் மருந்து.

இவ்வளவும் சரியா வந்தா இனி கேமப் பற்றிக் கதைப்பம். இதின்ர பெரிய பலம் துவக்குச் சண்டைதான், சுவர்விளிம்பில துவக்க ஊண்டி வச்சு சுடலாம், ரீகோயில் (சுடேக்க துவக்கு உதைக்கிறது) உடன குறையும், மூலையால எட்டிப் பாக்கலாம், குனிஞ்சபடி ஓடலாம், விழுந்த ஆள இழுத்துக்கொண்டு வந்து மறைவில வச்சு எழுப்பலாம். இந்த இழுக்கிற விசயம் ஒண்டே ஸ்குவாட்ட மாத்திப்போடும், நாலு பேரும் மைக்கில கதைச்சுக்கொண்டு விளையாடேக்க ஒருத்தன் புகை அடிக்க மற்றவன் இழுக்க மூண்டாவது ஆள் காவலுக்கு நிக்க, அந்த நேரத்தில வாற சந்தோசம் வேற ஷூட்டர்ல எனக்குக் கிடைக்கேல்ல. கட்டடங்கள் உடையிறதும் வடிவுக்கு மட்டும் இல்ல, மேல்மாடியில ஒருத்தன் ஒளிச்சிருந்து சுட்டா எஞ்சினியரக் கூப்பிட்டு அந்தச் சுவரயே எடுத்துவிடலாம்.

பலவீனம் மப்தான், அதாவது சண்டை நடக்கிற இடங்கள். கெய்ரோ, புரூக்ளின் மாதிரி நகர மப்புகள் இறுக்கமானவை, முதுகுக்குப் பின்னால ஆள் வந்துகொண்டே இருக்கும், தனியா போறவன் நிமிசத்துக்கு ஒருக்கா சாகிறான், விசர் வரும். தாங்கி, பிளேன் எல்லாத்துக்கும் இடம் வேணுமெண்டா மிராக் வலி (Mirak Valley), 2011ல பட்டில்பீல்ட் 3ல வந்த ஒப்பரேஷன் ஃபயர்ஸ்டோர்ம், இந்த ரெண்டும் வாற நேரம் காத்திருந்து விளையாடுங்கோ. அடுத்த குறை, கேம் வந்த நேரம் மெயின் மோடுகளுக்கு பழைய மாதிரி சேர்வர் ப்ரவுசர் (சேர்வர நாங்களே தெரிவு செய்யிற பட்டியல்) இருக்கேல்ல, போர்ட்டல்ல (ஆக்கள் தாங்களே மோட் செய்யிற பகுதி) மட்டும்தான் இருந்தது, அதால நல்ல பிங் வாற சேர்வரப் புடிச்சு அதிலயே குந்தியிருக்க ஏலாமப் போச்சு. கம்பெய்ன் (தனியா விளையாடுற கதைப் பகுதி) சுமார், அதுக்காக ஒருத்தரும் வாங்க வேண்டாம்.

பிங் கூடின ஆக்கள் ஒரு மூலைய பாத்துக்கொண்டு அசையாம நிக்காதேங்கோ, உங்கட திரையில எதிரி தெரிய முதலே அவனுக்கு நீங்கள் தெரிஞ்சிருவியள். ஆள் வகை தெரிவு செய்யேக்க சப்போர்ட் எடுங்கோ, இல்லாட்டி எஞ்சினியர். ஆள எழுப்புறது, அம்மோ குடுக்கிறது, தாங்கி திருத்துறது, இதுக்கெல்லாம் மில்லிசெக்கன் கணக்கு இல்ல, ஸ்கோரும் நல்லா ஏறும். செட்டிங்ஸ்ல மோஷன் ப்ளர், ஃபில்ம் கிரெயின் ரெண்டையும் ஓஃப் பண்ணுங்கோ.

ஸ்டீம்ல வாங்கினா 14 நாளைக்குள்ள, விளையாடின நேரம் 2 மணித்தியாலம் தாண்டாட்டி காசு திரும்ப எடுக்கலாம். முதல்தரம் திறக்கேக்க ஷேடர் கொம்பைல் ஆகிறதுக்கும் (கேம் கிராபிக்ஸத் தயார்படுத்துறது) அந்த நேரம் ஓடும், அதால மெனுவில மினக்கெடாம, கம்பெய்னத் தொடாம, ஸ்குவாட்டக் கூப்பிட்டு வச்சுக்கொண்டு நேரா கொன்குவெஸ்ட் எண்ட பெரிய சண்டை மோடுக்குள்ள போங்கோ.