எஸ்எஸ்எச் சாவி கடவுச்சொற்றொடரை ஏற்க மறுத்தால்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

மொரீசியசின் ரோஸ் ஹில்லில் வசிக்கும் என் அக்காள் மகள் தன் பாடவேலைக்காக வீட்டு மேசைக்கணினியில், தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓர் எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கி, சில மாதங்கள் தடையின்றிப் பயன்படுத்தி வந்தாள். பழைய கீபோர்டு பழுதானபோது, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரெயூனியன் தீவில் இருக்கும் அவளுடைய பெரியப்பா புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதைப் பொருத்திய மறுநாள் முதல் கணினி, சாவிக் கோப்பைத் திறப்பதற்கான அவளது கடவுச்சொற்றொடரை ஏற்கவில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிய அவள் சாவியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினாள். புதிய சாவியின் வெளியே கொடுக்கக்கூடிய பகுதியான பொதுச்சாவியை நிர்வாகி சர்வரில் பதிவு செய்து தரும் வரை இரண்டு நாள் வேலை நின்றுபோனது. உண்மையில் அவளுடைய சாவிக்கு எந்தக் கேடும் நேர்ந்திருக்கவில்லை.

ஆகவே முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும் வரை எந்தச் சாவிக் கோப்பையும் அழிக்காதீர்கள். தடை இருக்கக்கூடிய இடங்கள் மூன்றே: உங்கள் கணினியில் உள்ள தனிச்சாவிக் கோப்பு (சாவியின் யாருக்கும் கொடுக்கக் கூடாத பகுதி), அந்தச் சாவியை நினைவில் வைத்திருக்கும் ஏஜெண்ட் என்னும் நிரல், மறுமுனையில் உள்ள சர்வர். கீழே கட்டளைகளை அவற்றின் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். கட்டளைகளை எழுதும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

கணினி என்ன கேட்கிறது என்று படியுங்கள்

திரையில் வரும் கேள்வியில் ‘பாஸ்ஃபிரேஸ்’ என்ற சொல்லும் சாவிக் கோப்பின் பெயரும் இருந்தால், உங்கள் கணினி அந்தக் கோப்பைத் திறப்பதற்காகக் கேட்கிறது. ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லும் சர்வரின் பெயரும் இருந்தால், சாவி பயன்படவில்லை என்பதால் சர்வரில் உள்ள உங்கள் கணக்கின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. கடவுச்சொற்றொடரை மூன்று முறை தவறாகக் கொடுத்தால், முதல் கேள்வி மறைந்து இரண்டாவது கேள்வி தானாகவே வந்து நிற்பதும் உண்டு. தொடக்கநிலையாளர்கள் பலர் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. கடவுச்சொற்றொடர் உங்கள் கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. இரண்டாவது கேள்விக்கு நீங்கள் தட்டச்சு செய்வதோ சர்வரைச் சென்றடைகிறது. இடம் மாறித் தட்டச்சு செய்தால், வெளியே போகக் கூடாத சொற்றொடரை நீங்களே அனுப்பிவிடுகிறீர்கள்.

கோப்பைத் தனியாகச் சோதியுங்கள்

இணையத்தையும் சர்வரையும் விலக்கிவிட்டுக் கோப்பை மட்டும் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. எஸ்எஸ்எச்-கீஜென் என்று எழுதி, இடைவெளி விட்டுக் கழித்தல் குறியுடன் ஒய், மறுபடி இடைவெளி விட்டுக் கழித்தல் குறியுடன் எஃப், அதன்பின் இடைவெளி விட்டுத் தனிச்சாவிக் கோப்பின் இருப்பிடத்தை எழுதுங்கள். கடவுச்சொற்றொடர் சரியானால் பொதுச்சாவி ஒரே வரியாகத் திரையில் தோன்றும். எதுவும் கேட்காமலே தோன்றினால், அந்தச் சாவிக்குக் கடவுச்சொற்றொடரே வைக்கப்படவில்லை. தோன்றிய வரியைப் ‘பப்’ என்று முடியும் கோப்பில் உள்ள வரியோடு ஒப்பிடுங்கள். இறுதியில் வரும் குறிப்பைத் தவிர மற்றவை ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், வேறொரு சாவியின் பொதுப்பகுதி அங்கே வந்து அமர்ந்திருக்கிறது.

கடவுச்சொற்றொடர் தவறு என்று இந்தச் சோதனையிலேயே பதில் வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கீபோர்டு. மொரீசியசில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன், ஏனென்றால் ஆங்கில முறைக் கீபோர்டும் பிரெஞ்சு முறைக் கீபோர்டும் ஒரே வீட்டில் புழங்குவது இங்கே அரிதன்று. பிரெஞ்சு முறையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூவும், இசட் இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூவும் உள்ளன. எம் வேறோர் இடத்தில், எல்லுக்கு அடுத்து இருக்கிறது. எண்களைப் பெற ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும். கடிதம் எழுதும்போது பிழை கண்ணில் படுவதால் உடனே திருத்திக்கொள்கிறோம். கடவுச்சொற்றொடரை எழுதும்போது டெர்மினலில் ஒரு புள்ளிகூடத் தோன்றுவதில்லை. விரல்களோ எழுத்துகளை அல்ல, பழகிய இடங்களையே நினைவில் வைத்திருக்கின்றன. என் அக்காள் மகளுக்கு நேர்ந்தது இதுதான். தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 தளவமைப்பையும் வைத்திருப்பவர்கள், அது இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது எளிது. அருகில் யாரும் இல்லாதபோது நோட்பேட் போன்ற ஓர் எழுதும் செயலியில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதில் கடவுச்சொற்றொடரை வழக்கமான வேகத்தில் தட்டச்சு செய்து கண்ணால் பாருங்கள். பிறகு சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

சில வேளைகளில் பதில் வேறு மாதிரி வரும். கோப்பு பாதுகாப்பற்றது என்று எச்சரித்தால், பிறரும் படிக்கும்படி அனுமதி திறந்திருக்கிறது என்று பொருள். லினக்சிலும் மேக்கிலும் சிஎச்மோட் கட்டளையால் தனிச்சாவிக்கு 600, அது இருக்கும் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700 என்று அனுமதி கொடுங்கள். வடிவம் செல்லாது என்றோ, ‘லிப்கிரிப்டோ’ என்ற சொல்லுடனோ பிழை வந்தால், கோப்பை நகலெடுத்து ஒட்டியபோது கடைசி வரிக்குப் பின் இருக்க வேண்டிய வரிமுறிவு விடுபட்டிருக்கலாம். அதைச் சேர்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ‘பிபிகே’ என்று முடியும் கோப்பு புட்டி என்ற மென்பொருளுக்குரியது. அதனுடன் வரும் புட்டிஜென் வழியாக, இங்கே நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏஜெண்டைப் பாருங்கள்

கோப்பு நன்றாகத் திறந்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொற்றொடர் கேட்கப்படுகிறது என்றால், எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையைக் கழித்தல் குறியுடன் எல் சேர்த்து இயக்குங்கள். ஏஜெண்டுடன் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வந்தால் அது இயங்கவில்லை. விண்டோசில் ஓபன்எஸ்எஸ்எச் ஆதண்டிகேஷன் ஏஜெண்ட் என்ற சேவை தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். சர்வீசஸ் பட்டியலில் அதைத் தானியங்கியாக மாற்றித் தொடங்குங்கள். ஏஜெண்ட் இயங்கியும் சாவி எதுவும் பட்டியலில் இல்லை என்று வந்தால், எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையோடு கோப்பின் இருப்பிடத்தைக் கொடுத்துச் சேர்க்கலாம்.

உபுண்டு போன்ற, குனோம் மேசைத்தளம் கொண்ட லினக்ஸ் கணினிகளில் கடவுச்சொற்றொடரைச் சேமிக்கும் பெட்டகம், கணினிக்குள் நுழையும் உங்கள் கடவுச்சொல்லால் திறக்கிறது. கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்நுழையும்படி அமைத்திருந்தால் பெட்டகம் பூட்டியே இருக்கும். நிர்வாகி உங்கள் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்திருந்தால், பெட்டகம் இன்னும் பழைய கடவுச்சொல்லையே எதிர்பார்க்கும். சாவியின் கடவுச்சொற்றொடரை நீங்கள் மாற்றிய பிறகு பெட்டகத்தில் பழையது தங்கியிருந்தால், ஸீஹார்ஸ் என்ற செயலியில் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். நீக்குவது பெட்டகத்தின் பதிவை மட்டுமே. சாவிக் கோப்பைத் தொடாதீர்கள்.

சர்வரின் பதிலைக் கேளுங்கள்

எஸ்எஸ்எச் கட்டளையில் கழித்தல் குறியுடன் வி சேர்த்து இணையுங்கள். நீண்ட விவரம் ஓடும். அதில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: பொதுச்சாவியை முன்வைப்பதாக ஒரு வரி, சர்வர் அதை ஏற்பதாக ஒரு வரி. இரண்டாவது வரி வந்த பிறகு கடவுச்சொற்றொடரில் தடுக்கினால், சர்வரின்மேல் குற்றம் இல்லை. மேலே சொன்னவற்றுக்கே திரும்புங்கள். முன்வைத்தும் ஏற்பு வரவில்லையென்றால், சர்வரில் உள்ள ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் உங்கள் பொதுச்சாவி ஒரே வரியாக, இடையில் முறியாமல் இருக்கிறதா என்றும், சர்வரில் உள்ள உங்கள் முகப்புக் கோப்புறையில் பிறர் எழுத அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி அனுமதி இருந்தால் சர்வர் உங்கள் சாவியைப் புறக்கணித்துவிடும். டிஎஸ்ஏ வகைப் பழைய சாவிகளை ஓபன்எஸ்எஸ்எச் 2015-இலேயே இயல்பாக ஏற்காமல் விட்டது. அவற்றுக்குப் பதிலாக எட்25519 வகையை உருவாக்குங்கள்.

முயற்சிகள் மிகுந்துவிட்டன என்று சர்வர் துண்டித்தால், ஏஜெண்டில் உள்ள எல்லாச் சாவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இயல்பான வரம்பு 6. உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கோப்புறையில் உள்ள கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் அந்தச் சர்வருக்குரிய சாவியைக் குறிப்பிட்டு, ‘ஐடென்டிட்டீஸ் ஒன்லி’ என்பதற்கு ‘யெஸ்’ என்று எழுதினால் போதும்.

இவ்வளவும் பார்த்து, கடவுச்சொற்றொடர் உண்மையிலேயே மறந்துபோனது என்று உறுதியானால், அதை மீட்டெடுக்க வழியில்லை. மீட்டுத் தருவதாகச் சொல்லும் யாரிடமும் தனிச்சாவிக் கோப்பைக் கொடுக்காதீர்கள். புதிய சாவியை வேறு பெயரில் உருவாக்கி, அதன் பொதுச்சாவியைச் சர்வர் நிர்வாகியிடம் கொடுங்கள். அது வேலை செய்வதைப் பார்த்த பின், பழைய பொதுச்சாவியின் வரியைச் சர்வரிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.