வென்டிலேட்டரில் இருப்பவர் எவ்வளவு பலமாக மூச்சை இழுக்கிறார்? அளக்கும் வழி

வென்டிலேட்டர் நோயாளியிடம் போனதும் நம் கண் ஆக்சிஜன் அளவுக்கும் மூச்சு எண்ணிக்கைக்கும்தான் போகும். 96 இருக்கிறது, நிமிடத்துக்கு 18 மூச்சு, சரி என்று அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவோம். அந்த 18 மூச்சையும் அவர் எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறார் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லாது. அதிலும் ஃபென்டனில் என்ற வலிமருந்து ஓடிக்கொண்டிருந்தால் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம், அது முக்கியமாக மூச்சின் வேகத்தைத்தான் குறைக்கும், இழுக்கிற பலம் அப்படியே இருக்கலாம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து பெரும்பாலும் நேர்மாறு.

அளவுக்கு மீறி இழுத்தால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரல் இன்னும் கெடும். இழுக்காமலே கிடந்தால் உதரவிதானம் மெலியும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உதரவிதானத் தசை இழைகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. மூன்று நாள்கூட ஆகவில்லை!

முதலில் போர்வையை விலக்கிப் பாருங்கள். கழுத்துத் தசை புடைக்கிறதா, தொண்டைக்குழி உள்ளே போகிறதா, நெஞ்சு ஏறும்போது வயிறு உள்வாங்குகிறதா? அப்புறம் திரை. காற்று உள்ளே போகும் நேரத்தில் அழுத்தக் கோடு நடுவில் குழிந்தால், இயந்திரம் தருவது அவருக்குப் போதவில்லை.

இனி அளப்பது. நோயாளி தானாக மூச்சை இழுப்பவராக இருக்க வேண்டும், குழாயில் கசிவு இருக்கக் கூடாது. மூச்சு முழுதாக வெளியே வந்ததும் வால்வை மூடி வைக்கும் எக்ஸ்பிரேட்டரி ஹோல்டு பொத்தானை அழுத்துங்கள். வால்வு மூடியிருப்பதால் அடுத்த இழுப்புக்குக் காற்று வராது, கோடு கீழே இறங்கும். அந்த ஒரே இழுப்போடு விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டே நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். பீப், அதாவது மூச்சை விட்ட முடிவில் இயந்திரம் நிறுத்தி வைக்கும் அழுத்தம், 8 இருந்து, கோடு மைனஸ் 12 வரை போனால் இறக்கம் 20 செ.மீ. தண்ணீர் அழுத்தம். அதில் முக்கால் பங்கு, அதாவது 15, அவருடைய மூச்சுத் தசைகள் எழுப்பும் அழுத்தம். 5 முதல் 10 வரை இருந்தால் நிம்மதி, 15 அதிகம். இடைவெளி விட்டு மூன்று முறை பாருங்கள், ஒரு மூச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பி 0.1 என்ற எண்ணைச் சில இயந்திரங்கள் தாமாகவே காட்டும். வால்வு மூடியிருக்கும்போது இழுப்பின் முதல் 0.1 விநாடியில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அது. ஏறக்குறைய 1-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கட்டும். வால்வை மூடாமலே கணக்குப் போடும் இயந்திரங்கள் இதைக் குறைத்துக் காட்டும், அதனால் எனக்கு ஹோல்டு பொத்தான்மீதுதான் நம்பிக்கை.

இந்த எண்கள் அதிகமாக இருந்தால் உடனே மயக்க மருந்தை ஏற்றாதீர்கள், தயவுசெய்து. வலி, காய்ச்சல், குழாயில் அடைத்த சளி, நிரம்பிய சிறுநீர்ப்பை, ரத்தத்தில் ஏறிய அமிலம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், பிறகு பிரஷர் சப்போர்ட்டை, அதாவது ஒவ்வோர் இழுப்புக்கும் இயந்திரம் தரும் உதவி அழுத்தத்தை, கொஞ்சம் கூட்டி மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் அது இறக்கத்தைக் குறைத்தாலும் உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டிவிடலாம். இவை எதுவும் உதவாவிட்டால்தான் மருந்து. ஹோல்டில் கிடைத்த தசை அழுத்தம் 5-க்குக் கீழே கிடந்தால் சப்போர்ட்டையோ மயக்க மருந்தையோ குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சார்ட்டில் எழுதும்போது அந்த நேரத்து சப்போர்ட் அளவையும் மருந்தின் வேகத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவர் ஒப்பிட அதுதான் தேவை.