செக் நாட்டில் குடியேறியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் அடையாளங்கள்

செக் குடியரசுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு விசா, வாடகை, காப்பீடு பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைக்கும். சனி, ஞாயிறை எப்படிக் கழிப்பது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. அந்த மக்களோடு நெருங்கிப் பழகக் காடும் பீர்க்கடையும் போல வேறு இடமில்லை. அங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வகை: கண்ணெதிரே இருக்கும் அடையாளத்துக்கு நாமே ஒரு பொருள் கற்பித்துக்கொள்வது.

காட்டுப் பாதையில் மரம், பாறை, கம்பம் என்று எங்கும் 10 செ.மீ. சதுரத்தில் மூன்று பட்டைகள் தீட்டியிருக்கும். மேலும் கீழும் வெள்ளை. நடுவில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றில் ஒன்று. சிவப்பு கடினம், பச்சை சுலபம் என்று நினைத்துக் குழந்தைகளோடு பச்சையில் இறங்குபவர்கள் உண்டு. நிறத்துக்கும் ஏற்றத்துக்கும் தொடர்பே இல்லை. பொதுவாகச் சிவப்பு என்பது நெடுந்தூரப் பாதை அல்லது மலைமுகட்டுப் பாதை. நீலம் அதற்கு அடுத்த முக்கியப் பாதை. பச்சை அந்த வட்டாரத்துக்குள் செல்வது, மஞ்சள் இரண்டு பாதைகளை இணைக்கும் குறுக்குவழி. இந்த மஞ்சள் சில இடங்களில் மூச்சு வாங்க வைக்கும் செங்குத்தாக இருக்கும். வெளிப்பட்டைகள் வெள்ளைக்குப் பதில் மஞ்சளாக இருந்தால் அது சைக்கிள் வழி.

சந்திப்புகளில் உள்ள பலகைகளில் ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும் இருக்கும், நேரம் இருக்காது. ஏற்றம் எவ்வளவு என்பதை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். வெகுநேரம் குறி தென்படவில்லையென்றால் ஊகித்து முன்னேறாதீர்கள்; கடைசியாகப் பார்த்த குறி வரை திரும்புங்கள். பெரும்பாலும் அங்கே கவனிக்காமல் விட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். 1888-இல் தொடங்கிய செக் சுற்றுலாக் கழகத்தின் தன்னார்வலர்கள் 40,000 கி.மீ.க்கும் மேற்பட்ட பாதைகளை இப்படிக் குறித்துப் பராமரிக்கிறார்கள். உலகில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிக நாடுகள் இல்லை. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் இங்கே நிஜமான ஆபத்து. அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்று தவணை போட வேண்டும் என்பதால் குளிர்காலத்திலேயே தொடங்குவது நல்லது.

அடுத்தது காளான். தனியார் காடாக இருந்தாலும் சொந்த உபயோகத்துக்குக் காளானும் பழங்களும் பறிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தேசியப் பூங்காக்களின் அமைதி மண்டலங்களில் குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் காளான் வெந்து புழுங்கிவிடும், பிரம்புக் கூடைதான் சரி.

உயிரை எடுக்கும் தவறு ஒன்று இருக்கிறது: தொப்பியை மட்டும் பார்த்து முடிவு செய்து, தண்டை நடுவில் அறுத்து எடுப்பது. கொடிய நஞ்சுள்ள பச்சை அமனிட்டா காளானைக் காட்டிக்கொடுக்கும் பை போன்ற உறை தண்டின் அடியில், மண்ணுக்குள் இருக்கிறது. மேலே அறுத்தால் அந்த அடையாளம் காட்டிலேயே தங்கிவிடும். தெரியாத காளானை அடியோடு தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தியும் பேதியும் தொடங்கப் பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் ஆகும். பிறகு சற்றுத் தேறுவது போலத் தோன்றும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்த உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 155-ஐ அழையுங்கள். மீதமிருக்கும் உணவையும் சீவிப்போட்ட துண்டுகளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள், தொப்பியின் அடியில் மடிப்புகள் இல்லாமல் பஞ்சு போல இருக்கும் வகையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் பஞ்சு சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். பஞ்சில் இளஞ்சிவப்புச் சாயலும் தண்டில் கரும்பழுப்பு வலைக்கோடுகளும் இருந்தால் அது கசப்புக் காளான். நஞ்சில்லை, ஆனால் ஒன்றே ஒன்று விழுந்தாலும் சட்டி முழுவதும் வீண்.

பீர்க்கடையில் 10°, 12° என்று எழுதியிருப்பதை ஆல்கஹால் சதவீதம் என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். புளிக்க வைப்பதற்கு முன் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றில் சர்க்கரை போன்ற பொருட்கள் எவ்வளவு கரைந்திருந்தன என்பதன் அளவு அது. 10° பீரில் ஆல்கஹால் சுமார் 4%, 12° பீரில் சுமார் 5%. மேலே நிற்கும் அடர்ந்த நுரையை ஏமாற்று வேலை என்று நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். நுரை பீரைக் காற்றுப்படாமல் காக்கிறது, நல்ல ஊற்றுக்காரரின் கைவண்ணமும் அதில்தான் தெரியும்.

மேசையில் வைக்கும் சிறு தாள்தான் உங்கள் பில். ஒவ்வொரு கோப்பைக்கும் அதில் ஒரு கோடு விழும். தொலைக்கவோ, அதில் கிறுக்கவோ கூடாது. பழைய பாணிக் கடைகளில் கோப்பை காலியாகும்போது கேட்காமலேயே அடுத்தது வரும். போதுமென்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் வையுங்கள். ஆள் இருக்கும் மேசையில் இடம் காலியாக இருந்தால், கேட்டுவிட்டு உட்காரலாம். டிப்ஸைச் சேர்த்து மொத்தத் தொகையைப் பணம் கொடுக்கும்போதே வாயால் சொல்வது வழக்கம். வண்டி ஓட்டுபவர் ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலில் விடுவது நமக்குப் பழகியதுதான். பூங்கொத்தில் மட்டும் ஒற்றைப்படையாகப் பூக்கள் இருக்கட்டும். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது.

பேச்சு வரலாற்றுக்கு வரும்போது அதிகம் குழப்பிக்கொள்ளும் ஆண்டுகள் 1968-உம் 1989-உம். 1968 ஆகஸ்ட் 21-இல் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்து, பிராக் வசந்தம் என்ற சீர்திருத்த முயற்சியை நசுக்கின. தமிழறிஞர் கமில் சுவெலபில் தாய்நாட்டை விட்டு வெளியேறியதும் அந்தப் படையெடுப்பின் பின்விளைவுதான். கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய வெல்வெட் புரட்சி 1989 நவம்பர் 17 மாணவர் ஊர்வலத்தில் தொடங்கியது. அந்த ஊர்வலமே, 1939-இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடியதை நினைவுகூரத்தான் கூடியது. ஆகவே நவம்பர் 17 இரண்டு எதிர்ப்புகளின் நாள். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1993 ஜனவரி 1 முதல் இல்லை. இன்றும் அப்படிச் சொன்னால் முகம் சுருங்கும்.

விடுமுறை நாட்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா விடுமுறைக்கும் கடை மூடுவதில்லை. ஜனவரி 1, ஈஸ்டர் திங்கள், மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். நவம்பர் 17 அன்றும், மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1415-இல் எரிக்கப்பட்டதை நினைவுகூரும் ஜூலை 6 அன்றும் திறந்திருக்கும். டிசம்பர் 24 அன்று நண்பகலோடு சரி. கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும் உண்டு பரிசுகளைப் பிரிப்பது அன்று மாலையில்தான்; பரிசு வாங்க வேண்டியிருந்தாலும் அரிசி, பால் வாங்க வேண்டியிருந்தாலும் 23-ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.