பேஸ்பால் பார்க்க நிழலான பக்கம்
அமெரிக்காவில் பிற்பகலில் நடக்கும் கல்லூரி பேஸ்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது மூன்றாம் பேஸ் (ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் முனைகளில் ஒன்று) பக்கத்து இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்; பந்தை அடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அது இடப்புறம். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, நேர் எதிரே உள்ள இரண்டாம் பேஸுக்குச் செல்லும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று பேஸ்பால் விதிநூலே சொல்கிறது. அப்படி அமைந்த மைதானத்தில், மேற்கே சாயும் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் விழும். முதல் பேஸையும் தாண்டி வலது மூலையில் உட்கார்ந்தவர்கள்தான் உயரப் பறக்கும் பந்தைத் தேடி நெற்றியில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். அலுமினிய பெஞ்சு சுடுவது தனிக் கொடுமை.

இரவு ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். பருவம் தொடங்கும் பிப்ரவரிக் குளிரிலோ வெயில் படும் முதல் பேஸ் பக்கமே சுகம். எல்லா மைதானங்களும் இந்தத் திசையில் அமைந்திருக்காது. செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.