மமோகிராம் புரொஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு: இந்தப் பிழைகளை விடாதீர்கள்

மட்டக்களப்பில் இறுதியாண்டு மாணவர்களின் புரொஜெக்டுகளைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். போன கிழமை கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி லப்டொப்போடு வந்தாள். மார்பக எக்ஸ்றேயில், அதாவது மமோகிராமில், கட்டியைக் கண்டுபிடிக்கப் படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி மொடல். "சேர், நூற்றுக்குக் கிட்ட வந்திருக்கு" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒருகாலம் இப்படித்தான் சிரித்தேன்.

படத்தைப் பிரித்தீர்கள், ஆளைப் பிரிக்கவில்லை

நம் பிள்ளைகள் பலர் எடுப்பது மினி-மயாஸ் (mini-MIAS) என்ற மமோகிராம் படத் தொகுப்பு. அதில் படங்கள் 322, பெண்கள் 161 பேர்தான். ஆளுக்கு இடது ஒன்று, வலது ஒன்று. அவற்றைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துப் பிரித்தால், ஒரே பெண்ணின் இடது மார்பகம் மொடலைப் பழக்கும் பயிற்சிக்கும், வலது அதைப் பரீட்சிக்கும் சோதனைக்கும் போகும். திசுவின் அடர்த்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலர் அதற்கு முன்பே படங்களைத் திருப்பி, சுழற்றிப் பெருக்கிவிடுகிறார்கள். அப்போது ஒரே படத்தின் பிரதிகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும். வினாத்தாளை முதல்நாளே கொடுத்துவிட்டு வைக்கும் பரீட்சை இது!

எனக்கு இது தெரியவந்தது ஆறு மாத வேலைக்குப் பிறகு. ஆய்வறிக்கையில் முடிவுரைகூட எழுதியாயிற்று. படம் வாசிக்கும் டொக்டர் அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, இந்த மொடல் முன்னப்பின்ன காணாத பொம்பிளை எத்தனை பேர் இதுக்குள்ள?" வாய் திறக்க முடியவில்லை. ஆட்கணக்கில் பிரித்துத் திரும்ப ஓட்டினேன். மதிப்பெண் சரிந்து விழுந்தது. இந்தப் பிழையைக் கண்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வாகரையிலிருந்து பஸ் ஏறி வரும் தாய் அந்த 161 பேரில் ஒருத்தி இல்லையே.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதலில் பெண்களைப் பிரியுங்கள். கோப்பு 001, 002 ஒருவர்; 003, 004 அடுத்தவர். சோடி உடையக்கூடாது. பெருக்குவது அப்புறம், அதுவும் பயிற்சிப் பக்கத்தில் மட்டும்.

224-க்குச் சுருக்குவது

மினி-மயாஸின் 1024 பிக்சல் அகலப் படத்தில் ஒரு பிக்சல் 0.2 மில்லிமீற்றர். மொடலுக்குக் கொடுக்க அந்த அகலத்தை 224 பிக்சல் ஆக்கினால், ஒரு பிக்சல் 0.9 மில்லிமீற்றர் ஆகிவிடும். புற்றுநோயோ என்று சந்தேகிக்க வைக்கும் சுண்ணாம்புத் துகள்கள் பல அரை மில்லிமீற்றரும் வராது. மணல் பருக்கையை அழித்துவிட்டு எதைத் தேடுவது? முழு அளவிலேயே துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள்.

மூலையிலுள்ள எழுத்துகள்

படத்தின் மூலையில் எழுதியிருப்பதை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மொடல் மார்பகத்தை விட்டு எழுத்தைப் பார்த்துப் பழகிவிடும்.

கட்டியின் இடம்

கட்டி எங்கே என்று சொல்லும் எண்களை மினி-மயாஸ் கீழ் இடது மூலையிலிருந்து எண்ணும்; நீங்கள் புரோகிராம் எழுதும் பைதன் மேல் இடது மூலையிலிருந்து. செங்குத்து எண்ணை 1024-இலிருந்து கழியுங்கள்.