வாசகர் எழுதத் துணிவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குச் சில வழிமுறைகள்

தருமபுரி மாவட்ட மைய நூலகத்திலும் ஓசூர், அரூர், பென்னாகரம் போன்ற ஊர்களின் நூலகங்களிலும் ஆண்டுக்கணக்காகப் புத்தகம் எடுத்துப் படிப்பவர்கள் பலர், “நீங்கள் ஏன் எழுதிப் பார்க்கக் கூடாது?” என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதிகம் படிக்காதவர் தயங்காமல் நாலு வரி எழுதிவிடுகிறார். நன்றாகப் படித்தவருக்கோ பேனாவைத் திறக்கவே கை வருவதில்லை. தொடர்ந்த வாசிப்பு ஒருவருக்குள் கறாரான மதிப்பீட்டாளர் ஒருவரை வளர்த்துவிடுகிறது. அவர் முதல் வரியிலேயே குறுக்கிட்டு, இது தேறாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பு எதை எதோடு ஒப்பிட்டு வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம், பலமுறை அடித்துத் திருத்தி, பிழை பார்த்து, அச்சில் வந்த கதை. மறுபக்கம், நீங்கள் அரைமணி நேரத்தில் எழுதிய முதல் வரைவு. அச்சான கதையின் கிழித்துப்போட்ட தாள்களை நாம் பார்ப்பதே இல்லை. எனவே முதல் வேலை, உங்களுக்குள் இருக்கும் வாசகரையும் எழுதுபவரையும் வெவ்வேறு நாள்களில் வேலை செய்ய விடுவது. எழுதும் நாளில் திரும்பிப் படிக்காதீர்கள், அடித்துத் திருத்தாதீர்கள், சொல் கிடைக்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். குறைந்தது ஒரு வாரம் கழித்து அதே தாளைக் கையில் எடுக்கும்போது, இத்தனை ஆண்டு வாசிப்பில் தேறிய அந்தக் கறாரான வாசகரை அழைத்து உட்கார வையுங்கள். அவர் உண்மையில் உங்கள் மிகப் பெரிய பலம். வரவேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிடுவதுதான் சிக்கல்.

எழுதுவதற்கு விலை உயர்ந்த குறிப்பேடு வேண்டாம். அழகான தாளில் அழகில்லாத வாக்கியம் எழுத மனம் ஒப்பாது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்க நோட்டு அந்த அச்சத்தைத் தராது. நேரத்தைப் பொறுத்தவரை, சிப்காட்டில் ஷிப்டு வேலை செய்பவருக்கும் மாட்டைக் கறந்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவருக்கும் ஒரே யோசனையைச் சொல்ல முடியாது. உங்களால் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றக்கூடிய அரைமணி நேரம் எது என்பதை நீங்களே கண்டுபிடித்து, அதை வீட்டில் சொல்லியும் வையுங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, வழக்கறிஞராகவும் அரசியல்வாதியாகவும் வாழ்ந்த நெருக்கடிக்கு நடுவில்தான் தமிழில் சிறுகதைகளும் எழுதினார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவது, “எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது?” என்ற கேள்வி. இதற்குப் பதில் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களின் முன் சற்று நேரம் நில்லுங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட வீரக்கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் கல்வெட்டுகள் பெரும்பாலும் சில வரிகளே: எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போராடியவர் யார், அவர் பட்டார், அதாவது உயிர்விட்டார், என்ற செய்தி. துயரம் என்றோ வீரம் என்றோ ஒரு சொல்லும் சேர்க்காமல் ஆண்டு, ஊர், பெயர், செயல் ஆகியவற்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அந்த வரிகள் இன்றும் நம்மைத் தொடுகின்றன. உங்கள் முதல் பயிற்சியையும் அப்படியே அமைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அதில் ஒருவர் செய்த ஒரு செயல், முந்நூறு சொற்களுக்கு மிகாமல். நாவலை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நாவல் எழுதப்போகிறேன் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்துக்கும் முன்பே களைத்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். தக்காளி விலை சரிந்த நாளைப் பற்றி ராயக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் வரும்: “விலை வீழ்ச்சியால் அந்த விவசாயி சொல்லொணா வேதனை அடைந்தார்.” செய்தித்தாளில் பலமுறை படித்த வாக்கியம் என்பதால் அது தானாகவே வந்து விழுகிறது, வரட்டும். ஒரு வாரம் கழித்துத் திருத்தும்போது, அந்த மனிதர் கையால் என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். அவர் மண்டியில் சரக்கை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பழத்தை மாட்டின் முன் கொட்டினார். பெட்டிகள் மண்டிக்காரருடையவை என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவி, எண்ணி, திண்ணையில் அடுக்கினார். பெட்டி கழுவும் அந்தச் செயலை எழுதிவிட்டால் வேதனை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. இதைக் கண்டுபிடிக்கும் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல கதைகளைப் படிக்கும்போது நீங்கள் நின்று மீண்டும் வாசித்த இடங்கள் பலவும் இத்தகையவைதாம்.

மொழியைப் பற்றிய கூச்சம் நம் பகுதியில் சற்று ஆழமானது, அதைத் தட்டிக்கழித்துவிட முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் ஏராளம். என் தமிழ் சுத்தமில்லை, மதுரைக்காரரைப் போலவோ தஞ்சாவூர்க்காரரைப் போலவோ எழுத வராது என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். யாரைப் போலவும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கதை சொல்லும் பகுதியை உங்களுக்குப் பழகிய எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். மேலே சொன்ன கதையில், “ஏன் மாமா, சரக்க எறக்கலையா?” என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்க, “எறக்கி என்னடா பண்றது, வண்டி வாடகைக்கே கட்டாது” என்று அவர் சொல்வதை இலக்கணத் தமிழுக்கு மாற்றினால் ஆளே மறைந்துவிடுவார். வீட்டுமொழியிலிருந்து ஒரு சொல் வந்தே ஆகவேண்டும் என்றால் வரவிடுங்கள். முன்பின் வாக்கியங்களிலிருந்தே வாசகர் பொருளை எடுத்துக்கொள்வார். இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்ந்த காதைக் குறையாக எண்ணுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பெரிய எழுத்தாளர்களின் நடை ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சுபவர்கள் ஒரு பயிற்சி செய்யலாம். மிகவும் பிடித்த ஒரு சிறுகதையை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து, அதை எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், எங்கே பேச்சை நுழைத்திருக்கிறார், எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இது உங்கள் நோட்டுக்கு மட்டுமானது, வெளியே அனுப்புவதற்கு அன்று.

உற்றார் உறவினர் என்ன நினைப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. சிறிய ஊரில் யாரைப் பற்றி எழுதினாலும் அடையாளம் தெரிந்துவிடும். தொழில், ஊர், குடும்ப அமைப்பு ஆகியவற்றை மாற்றுங்கள், இருவரை ஒருவராக்குங்கள். சாதியைத் தொடும் நிகழ்ச்சியாக இருந்தால், யாருடைய வலியை யார் வாயிலாகச் சொல்கிறீர்கள் என்பதை இருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

திருத்திய பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள்; மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். முதலில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள், அவர் உங்கள்மேல் அன்பு கொண்டவராக இருப்பதைவிடப் படிக்கும் வழக்கமுள்ளவராக இருப்பது முக்கியம். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் ஆம் என்பார், “எந்த இடத்தில் கவனம் விலகியது?” என்று கேட்டால் உங்களுக்குப் பயன்படும் பதில் வரும். அப்படி ஒருவர் அமையாவிட்டால் நூலக வாசகர் வட்டத்தில் விசாரியுங்கள். அங்கே பேசுபவர்களுக்கு இணையாக, பேசாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பவர்களும் வருகிறார்கள்.

இதழுக்கு அனுப்பும்போது யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, இதழ் கேட்கும் சொல் அளவுக்குள் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். முகநூலில் முழுக்கதையையும் போட்டுவிட்டால் வெளியான படைப்பு என்று கூறிப் பல இதழ்கள் ஏற்பதில்லை. அனுப்பிய நாளையும் இதழின் பெயரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இதழ் சொல்லும் காலத்துக்குள் பதில் வராவிட்டால், ஒரு வரியில் தகவல் தெரிவித்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம். அதற்குள் அடுத்த முந்நூறு சொற்களைத் தொடங்கியிருங்கள், முதல் கதை திரும்பி வந்தாலும் மேசையில் வேலை இருக்கும்.